கிசான் தவணையும் கைமாறிய கடவுச்சொல்லும்: தமிழ்நாடு, 2020 (ஒரு நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதி என்ற முழுப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. 'கிசான் பணம்' என்றால்தான் தெரியும். 2019 பிப்ரவரி 1 அன்று மத்திய இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 24ஆம் தேதி தொடங்கிய திட்டம் இது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000. நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக, ரூ.2,000 வீதம் மூன்று முறை நேராக வங்கிக் கணக்குக்கு வரும். தவணைக் காலங்கள் ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச். முதலில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் இருந்தது. 2019 ஜூன் முதல் பரப்பு வரம்பு எடுக்கப்பட்டது.

தகுதிக்கான அடிப்படை ஒன்றே ஒன்று: 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி நில ஆவணத்தில் பெயர் இருக்க வேண்டும். குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். வருமான வரி கட்டுபவர்கள், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர்கள், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்குக் கிடையாது. குத்தகைக்கு உழுபவர்களுக்கும் கிடையாது. கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகப் பயிர் செய்தாலும், பட்டா தன் பெயரில் இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை.

2020இல் தமிழ்நாட்டில் நிலமில்லாத பலரின் பெயர்கள் இந்தத் திட்டத்தில் ஏற்றப்பட்டு, அவர்கள் கணக்குக்குப் பணம் போன முறைகேடுதான் இந்த ஆய்வின் பொருள். அதன் கரு இந்த நில விதியில்தான் இருக்கிறது. பணம் நிலத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. ஆனால் 2020இல் அந்தப் பணம் கடந்துபோன ஒவ்வொரு கட்டத்திலும் கணினி சரிபார்த்தது ஆளை.

பணம் போகும் வழி

இணையதளத்தில் பதிவு நடக்கும். விண்ணப்பதாரரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு, பட்டா எண், புல எண், பரப்பு ஆகியவற்றை உள்ளிட வேண்டும். தொடக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் ஊர் ஊராக விண்ணப்பம் வாங்கினார்கள். பிறகு விவசாயி தானே பதிவு செய்துகொள்ளும் வசதியும், பொதுச் சேவை மையம் வழியாகப் பதிவு செய்யும் வசதியும் வந்தன.

பதிவானது வட்டார வேளாண் அலுவலகத்தின் பயனர் கணக்கில் நிலுவையாக நிற்கும். அங்கே சிட்டாவை, அதாவது நிலம் யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அடுத்து மாவட்டம், அதன்பின் மாநிலம். பிறகு வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா என்று மத்திய நிதி மேலாண்மை அமைப்பு பார்க்கும். அதுவும் சரியென்றால் அடுத்த தவணைப் பட்டியலில் பெயர் ஏறும்.

ஆதார் சரிபார்ப்பு இந்த மனிதர் உண்மையானவர் என்று சொல்லும். வங்கிச் சரிபார்ப்பு இந்தக் கணக்கு அவருடையது என்று சொல்லும். புல எண் கட்டத்தில் உள்ளிட்ட எண்ணை, தமிழ்நாட்டின் நிலப் பதிவேட்டோடு கணினி தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் இணைப்பு அன்று இல்லை. நிலம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, வட்டார அலுவலகத்தில் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் விரலிடம் மட்டுமே இருந்தது. மாவட்டமும் மாநிலமும் மேலே அனுப்பியது அந்த விரல் ஏற்கெனவே அழுத்தியதைத்தான். மூன்று அடுக்கு என்று காகிதத்தில் இருந்தாலும் நிலத்தைப் பார்த்த அடுக்கு ஒன்றுதான்.

2020 மார்ச் முதல் ஜூலை வரை

மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மார்ச் 26 அன்று அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகுப்பில், ஏப்ரல் தவணையான ரூ.2,000 முன்கூட்டியே மாதத் தொடக்கத்தில் தரப்படும் என்ற அறிவிப்பும் இருந்தது. அதே வாரங்களில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் ரூ.500 வந்தது. தமிழ்நாட்டில் அரிசி ரேஷன் அட்டைக்கு ரூ.1,000 தரப்பட்டது. வேலை இழந்து வீட்டில் இருந்தவர்களுக்கு, அரசிடமிருந்து கணக்குக்குப் பணம் வருவது அந்த நேரத்தில் புதிதாகவோ சந்தேகமாகவோ தெரியவில்லை.

வட மாவட்டங்களின் கிராமங்களில் இடைத்தரகர்கள் புகுந்தது இந்த இடைவெளியில். 'கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்கள்' என்று கேட்டு நகல்கள் வாங்கினார்கள். பல பேரிடம் பணமும் வாங்கினார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிக்காரர்கள். எந்தத் திட்டத்தில் தங்கள் பெயர் ஏறுகிறது என்று அறியாதவர்கள் அவர்களில் நிறைய பேர். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் 'போலி விவசாயி' என்ற சொல் செய்திகளில் புழங்கியபோது, அது திட்டமிட்டவரையும் தெரியாமல் மாட்டியவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

பதிவு செய்வது எளிது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒப்புதல்தான் தடை. அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதிகாரியிடம் இருக்க வேண்டும். நடைமுறையில் வட்டார அலுவலகங்களில் கணினி வேலையைப் பார்த்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். அதிகாரி கூட்டத்துக்கும் களத்துக்கும் போகும்போது வேலை நிற்கக் கூடாது என்று கடவுச்சொல் அவர்களிடம் தரப்படுவது பல அரசு அலுவலகங்களில் பழகிப்போன வழக்கம். இந்த நிகழ்வில் அது அலுவலகத்தைத் தாண்டித் தனியார் கம்ப்யூட்டர் சென்டர்கள் வரை போனது. பதிவு செய்தவரும் ஒப்புதல் தந்தவரும் ஒரே ஆளாக ஆன இடத்தில் புல எண் கட்டத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் செல்லும்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்த காலம் அது. களப் பணியாளர்கள் கிராமத்துக்குப் போவதும் குறைந்திருந்தது. திட்ட விதிப்படி ஆண்டுக்கு 5 சதவீதப் பயனாளிகளை நேரில் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யும் சூழல் இல்லை.

கண்ணில் பட்டவை

2020 ஆகஸ்ட் 9 அன்று நாடு முழுதும் ஆறாம் தவணை விடுவிக்கப்பட்டது: சுமார் 8.5 கோடி விவசாயிகளுக்கு ரூ.17,000 கோடி. அந்த மாதத்தில் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் புதிய பயனாளிகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக வீங்கியிருப்பது தெரிந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் பெயர்கள் முதலில் அடிபட்டன.

திட்டம் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்ட நிலையில், நிலமுள்ளவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களிலேயே சேர்ந்திருப்பார்கள். அதன்பின் வருவது வாரிசுகள், விடுபட்டவர்கள், வெளியூரிலிருந்து திரும்பியவர்கள் என்று சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். ஒரு வட்டாரத்தில் மொத்தப் பட்டாதாரர் எத்தனை பேர் என்பது வருவாய்த் துறைக்குத் தெரிந்த எண். பயனாளிகளின் எண்ணிக்கையை அதன் அருகில் வைத்துப் பார்த்திருந்தால், ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு அளவுகோலும் உண்டு. ஒரு விண்ணப்பத்தின் சிட்டாவைத் திறந்து, பெயரையும் பரப்பையும் பார்த்து, ஆதாரோடு ஒப்பிட 5 நிமிடமாவது ஆகும். எட்டு மணி நேரமும் வேறு எந்த வேலையும் பார்க்காமல் உட்கார்ந்தால் 96 விண்ணப்பம். ஒரே பயனர் கணக்கிலிருந்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் ஒப்புதல் போகிறது என்றால், அந்த அலுவலகத்தில் சிட்டாவை யாரும் திறக்கவில்லை என்று பொருள். ஒப்புதல் பதிவான நேரமும் தேதியும் சர்வரில் இருக்கும். அதைத் தினமும் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை என்பதுதான் குறை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு கடவுச்சொற்களை மாற்றியது. ஓட்டையை அடைக்காமல் விசாரணை தொடங்கினால், விசாரணை நடக்கும்போதே பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் இது முதலில் வந்தது சரியே.

இரண்டாவது, சந்தேகப் பட்டியலைத் தனியே பிரித்துச் சரிபார்த்தது. மத்திய வேளாண் அமைச்சகம் பின்னர் தந்த கணக்குப்படி 5.95 லட்சம் பேரின் கணக்குகள் பார்க்கப்பட்டன. அவர்களில் 5.38 லட்சம் பேர் தகுதியற்றவர்கள் என்று முடிவானது. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள சுமார் 57,000 பேரை மறந்துவிடக் கூடாது. சந்தேகப் பட்டியலில் பெயர் இருந்ததாலேயே சிக்கலுக்கு ஆளான தகுதியுள்ளவர்கள் அவர்கள்.

மூன்றாவது, வழக்கை மாவட்டக் காவல்துறையோடு நிறுத்தாமல் சிபிசிஐடி விசாரணைக்குக் கொண்டுபோனது. ஒரு வட்டாரத்தின் கடவுச்சொல்லை வைத்து வேறெங்கோ உட்கார்ந்து பதிவு செய்ய முடியும் என்கிறபோது, ஒரு மாவட்டக் காவல்துறை தன் எல்லைக்குள் தேடினால் பாதிதான் கிடைக்கும். 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. 19 ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட 52 பேர் கைதானார்கள். 96 ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 34 அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை தொடங்கியது. மூன்று வட்டார அளவிலான அதிகாரிகளும் ஐந்து உதவி வேளாண்மை அலுவலர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

நான்காவது, பணத்தைத் திரும்பப் பெறுவது. இதுதான் கடினமான முடிவு.

மீட்பு

மொத்தம் ரூ.110 கோடி தவறாகப் போயிருப்பதாக மாநில அரசு சொன்னது. அதை 5.38 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு ரூ.2,045 வருகிறது. அதாவது பெரும்பாலோருக்கு ஒரே ஒரு தவணைதான் போயிருக்கிறது. இது ஆறுதலான எண்ணும்கூட: கண்டுபிடிப்பு தாமதமானாலும் மிகவும் தாமதமாகவில்லை. அதே பட்டியல் ஓராண்டு ஓடியிருந்தால் 5.38 லட்சம் பேருக்கு ரூ.6,000 வீதம் ரூ.322 கோடிக்கு மேல் போயிருக்கும்.

மீட்புக்கு இரண்டு வழிகள் பயன்பட்டன. கணக்கில் பணம் இருந்தால், மாவட்ட நிர்வாகம் தரும் பட்டியலை வைத்து வங்கி கணக்கை முடக்கி, தொகையை எடுத்து அரசுக் கணக்குக்குத் திருப்பும். பணம் எடுக்கப்பட்டிருந்தால் ஊழியர்கள் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கட்டச் சொல்ல வேண்டும். அமைச்சகம் தந்த கணக்கின்போது ரூ.61 கோடி மீட்கப்பட்டிருந்தது.

முதல் வழி வேகமானது. ஆனால் கிராமத்தில் ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே வங்கிக் கணக்குதான். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, எரிவாயு மானியம் எல்லாம் அதற்கே வரும். கணக்கை மொத்தமாக முடக்கினால் ரூ.2,000 தவறுக்காக மாதக் கூலியும் நிற்கும். தொகைக்கு மட்டும் பிடித்தம் குறிக்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. எந்தத் தொகை, எந்தத் தவணை என்று பட்டியலிலேயே குறித்து அனுப்பினால் கிளை மேலாளர் அதை மட்டும் நிறுத்தி வைப்பார். கணக்கு எண்ணை மட்டும் அனுப்பி முடக்கச் சொன்னால் முழுக் கணக்கையும் முடக்குவார். அரசுக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் இருக்கிறது இந்த வேறுபாடு.

இரண்டாவது வழியில் இன்னொரு கணக்கு இடிக்கிறது. தரகருக்குப் பங்கு கொடுத்தவர் கைக்கு முழு ரூ.2,000 வந்திருக்காது. திருப்பிக் கட்ட வேண்டியதோ முழுத் தொகை. தரகர் வாங்கியது வழக்கின் பகுதி, பயனாளி வாங்கியது வசூலின் பகுதி என்று இரண்டும் தனித்தனியே நடக்கும்போது, கூலிக்காரர் தன் கையிலிருந்து போட்டுக் கட்டுகிறார். வீட்டுக்கு வரும் ஊழியர் பணத்தோடு சேர்த்து, யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற வாக்குமூலத்தையும் வாங்கிவிட்டால், அது வழக்குக்கும் உதவும், அவருக்கு நியாயம் கேட்க ஒரு தாளாகவும் இருக்கும்.

நாட்டு அளவில் வைத்துப் பார்த்தால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்டு 2021 ஜனவரியில் வெளியான விவரப்படி, 2020 ஜூலை வரை நாடு முழுதும் 20 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்களுக்கு ரூ.1,364 கோடி போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வருமான வரி கட்டுபவர்கள். அது வேறு வகைத் தவறு. அங்கே நிலம் இருந்தது, தகுதி இல்லை. தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டவர்களிடம் நிலமே இல்லை. வரி கட்டுபவரை வருமான வரித் துறையின் தரவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். நிலமில்லாதவரைக் கண்டுபிடிக்க நிலப் பதிவேடுதான் வேண்டும்.

அதன்பின் மாறியவை

2022இல் இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்யும் முறை கட்டாயமானது. செல்பேசிக்கு வரும் ஓடிபி மூலமோ, பொதுச் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்தோ செய்யலாம். 2023 ஜூனில் முகத்தைக் காட்டிச் செய்யும் செயலியும் வந்தது. அதே 2022இல் நில விவரத்தை மாநிலப் பதிவேட்டோடு இணைப்பதும் கட்டாயமானது. 2025இல் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு தமிழ்நாட்டில் நடந்தது.

இவற்றில் எது 2020இன் முறைகேட்டைத் தடுத்திருக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இ-கேஒய்சி தடுத்திருக்காது. அந்த 5.38 லட்சம் பேரின் ஆதார் பொய்யில்லை. விரல் வைக்கச் சொல்லியிருந்தால் வந்து வைத்திருப்பார்கள். தடுத்திருக்கக்கூடியது நில இணைப்பு ஒன்றுதான்.

இன்னும் செய்ய வேண்டியவை, முக்கியமான வரிசையில்:

ஒப்புதல் தரும் ஒவ்வொரு முறையும் அதிகாரியின் சொந்தச் செல்பேசிக்கு ஓடிபி போக வேண்டும். கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிடலாம், செல்பேசியை நாள் முழுதும் கொடுக்க முடியாது. பதிவு செய்த கணக்கும் ஒப்புதல் தந்த கணக்கும் ஒரே கணினியிலிருந்து இயங்கினால் கணினியே மறுக்க வேண்டும். ஒரு பயனர் கணக்குக்கு நாளொன்றுக்கு 100 ஒப்புதல் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்ட மாவட்ட இணை இயக்குநரின் எழுத்து அனுமதி கேட்க வேண்டும்.

மாதிரிச் சரிபார்ப்பு பணம் போகும் முன்பே நடக்க வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் பணம் போன பிறகு பார்ப்பதால் அது மீட்பு வேலையாகிவிடுகிறது. புதிய பெயர்களில் பத்தில் ஒன்று தவறு என்று வைத்துக்கொள்வோம். வட்டாரத்துக்கு 30 பெயரைக் குலுக்கி எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், குறைந்தது ஒரு தவறாவது சிக்கும் வாய்ப்பு 96 சதவீதம். 2020இல் நடந்தது போலப் பெரும்பகுதி தவறு என்றால் ஐந்து பெயரே போதும். ஒரு நாள் வேலை இது. இங்கே ஒரு நிபந்தனை முக்கியம்: அந்த 30 பெயரை வட்டாரம் தேர்ந்தெடுக்கக் கூடாது, மாநில அலுவலகம் அனுப்ப வேண்டும்.

பயனாளிப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஒரு ஊரில் யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அந்த ஊருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாததை ஊர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

நில இணைப்பில் விடுபட்டவர்கள்

கட்டுப்பாடுகள் இறுகிய பின் தமிழ்நாட்டில் தவணை பெறுபவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் 22 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. குறைந்தவர்கள் எல்லாம் போலிகள் என்று எடுத்துக்கொள்வது தவறு. இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பட்டா இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அண்ணன் தம்பி நால்வர் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியே உழுவார்கள். கூட்டுப் பட்டாவில் நான்கு பெயரும் இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. கணினி கேட்பது ஒருவர் பெயர், ஒரு புல எண், ஒரு பரப்பு.

இவர்கள் செய்ய வேண்டியது, முதலில் இறப்புச் சான்றும் வட்டாட்சியரின் வாரிசுச் சான்றும் பெறுவது. பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது. நிலத்தைப் பிரிக்காமல் வாரிசுகள் பெயரைச் சேர்ப்பது என்றால் அது உட்பிரிவு இல்லாத மாறுதல், சீக்கிரம் முடியும். தனித்தனிப் பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், நில அளவர் வந்து அளந்து எல்லை போட வேண்டும். தாமதம் பெரும்பாலும் நில அளவர் வருவதில்தான். 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் பெயர் மாறினால் புதிய உரிமையாளருக்குத் தகுதியில்லை என்ற விதி இருந்தாலும், இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. மாறுதல் ஆணையில் 'வாரிசு முறை' என்ற காரணம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது விடுபட்டால் விலைக்கு வாங்கியதாகக் கருதி விண்ணப்பம் திரும்பிவிடக்கூடும்.

ஏற்கெனவே பதிவாகி, நில இணைப்பு இல்லாததால் மட்டும் தவணை நிறுத்தப்பட்டவர்களுக்கு, இணைப்பு முடிந்ததும் நிலுவைத் தவணைகளும் சேர்ந்து வரும். புதிய சிட்டா நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், நில இணைப்பு 'ஆம்' என்று மாறியிருக்கிறதா என்று அங்கேயே திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.